பத்து வெள்ளியில் வாங்கிய தோட்டம்: துன் வீ.தி.சம்பந்தன்

சிடாம் கிரி, பாடாங் செராய், கூலிம், பீடோங் பக்கத்துப் பெரியவர்களிடம் பேச்சுக் கொடுத்துப் பாருங்கள். பழைய கதை எதை எடுத்தாலும் நடுவில் ஓர் இடத்தில் துண்டாடல் என்ற சொல் வந்து விழும். இன்றைய பிள்ளைகளுக்கு அது வரலாற்றுச் சொல். அன்றைய தோட்டத்து மக்களுக்கு அது இடி. நேற்றுவரை பெரட்டுக்குப் போய், பால் வெட்டி, வாளியைத் தூக்கிவந்த மனிதர்களிடம் தோட்டம் விற்றாகிவிட்டது, இனி வேலை கிடையாது, லயத்து வீட்டைக் காலி செய்ய வேண்டும் என்று சொல்லப்பட்டது. தாத்தா வந்திறங்கிய லயம், பிள்ளை படித்த தமிழ்ப்பள்ளி, கையால் மண் சுமந்து கட்டிய கோயில் எல்லாமே அடுத்தவர் சொத்தாகிப் போனது.

அந்தப் பயத்தின் நடுவே நின்று, ஆளுக்குப் பத்து வெள்ளி கொடுங்கள், தோட்டத்தை நாமே வாங்குவோம் என்று கேட்டவர்தான் துன் வீ.தி.சம்பந்தன். அவர் கேட்டதில் முதலில் கைகூடிய தோட்டம் நம் கெடாவில்தான் இருக்கிறது. புக்கிட் சிடிம் என்று பெயர். பெயரைக் கேட்டால் சிடாம் கிரிக்காரர்கள் தங்கள் ஊருக்குப் பங்காளி ஊர் என்றே நினைப்பார்கள்.

துண்டாடல் ஏன் வந்தது என்பதைக் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும். 1957இல் நாடு மெர்டேக்கா அடைவதற்கு முன்பே வெள்ளைக்காரக் கம்பெனிகளுக்குக் கலக்கம் தொடங்கிவிட்டது. புது அரசாங்கம் என்ன செய்யும், நிலம் கையில் நிற்குமா என்ற யோசனை ஒரு பக்கம். பால் வற்றிய கிழட்டு மரங்களை வெட்டி மறுநடவு செய்தால், புது மரம் வெட்டுக்கு வர ஆறேழு ஆண்டு காத்திருக்க வேண்டும், அதற்குப் பணம் போட வேண்டும் என்ற கணக்கு இன்னொரு பக்கம். விற்றுவிட்டுக் கப்பல் ஏறுவது சுலபமாகத் தெரிந்தது. வாங்க வந்தவர்கள் பெரும்பாலும் விவசாயம் செய்ய வந்தவர்கள் இல்லை. மொத்த விலைக்குத் தோட்டத்தை வாங்கி, ஐந்து ஏக்கர், பத்து ஏக்கர் என்று வெட்டி, சில்லறை விலைக்கு விற்று லாபம் பார்த்தார்கள்.

இதில் ஒரு சூட்சுமம் உண்டு. நம் நாட்டுக் கணக்கில் 100 ஏக்கரும் அதற்கு மேலும் இருந்தால்தான் அது தோட்டம். அதற்குக் குறைந்தால் சிறு நிலம். தோட்டத்து முதலாளிக்குச் சட்டப்படி கடமைகள் இருந்தன. தொழிலாளிக்கு வீடு, குடிதண்ணீர், மருந்தகம், ஆயாக் கொட்டகை, பிள்ளைகளுக்குப் பள்ளி என்று பட்டியல் நீளும். அதே நிலம் ஐந்து ஏக்கர் துண்டாக மாறியதும் அந்தக் கடமைகளும் காற்றில் கரைந்தன. ஐந்து ஏக்கர் வாங்கியவர் தன் குடும்பத்தோடு மரம் வெட்டிக்கொள்வார், இல்லையென்றால் குத்தகைக்கு ஓரிருவரைப் பிடிப்பார். பத்துத் தலைமுறைக்கும் இங்கேதான் என்று நம்பியிருந்த நூறு குடும்பங்களுக்கு அங்கே இடம் இல்லை. பிரச்சினை பெரிதாகி, மலாயாப் பல்கலைக்கழகத்தின் பேராசிரியர் உங்கு அஜிஸ் 1951 முதல் 1960 வரையிலான துண்டாடலைப் பற்றி ஆய்வு நடத்தி அறிக்கையே கொடுக்க வேண்டி வந்தது.

சம்பந்தன் லயத்தில் பிறந்தவர் இல்லை. இதை மறைக்கத் தேவையில்லை. பேராக், சுங்கை சிப்புட்டில் 1919 ஜூன் 16ஆம் தேதி பிறந்தார். தந்தை வீராசாமி 19ஆம் நூற்றாண்டின் கடைசியில் தமிழ்நாட்டிலிருந்து வந்து, ரப்பர் நட்டு, சொந்தத் தோட்டக்காரராக உயர்ந்தவர். மகன் கோலகங்சார் கிளிஃபர்ட் பள்ளியில் படித்தார். பிறகு சிதம்பரம் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் வணிகவியல் பட்டம் பெற்றார். இந்திய விடுதலைப் போராட்டத்தின் சூடு அந்த வளாகத்தில் அவரையும் தொட்டது. ஊர் திரும்பியபோது கையில் பட்டம், வீட்டில் நிலம், நிம்மதியாக இருக்க எல்லா வசதியும் இருந்தது.

நிம்மதி நீடிக்கவில்லை. 1948 ஜூன் 16 அன்று அவருக்கு 29 வயது நிறைந்தது. அதே நாள் காலையில் சுங்கை சிப்புட் வட்டாரத்தில் மூன்று வெள்ளைக்காரத் தோட்டத் துரைகள் சுட்டுக் கொல்லப்பட்டார்கள். இரண்டு நாளில் மலாயா முழுவதும் அவசரகாலம். வரலாற்றுப் புத்தகங்களில் அவசரகாலத்தின் தொடக்கமாகக் குறிக்கப்படும் சம்பவம் அவருடைய பிறந்தநாளில், அவருடைய ஊரிலேயே நடந்தது. அடுத்து வந்த ஆண்டுகளில் ஊரடங்கு, அரிசிக் கட்டுப்பாடு, முள்வேலி என்று தோட்டத்து வாழ்க்கை தலைகீழாக மாறியதை அவர் செய்தியில் படித்துத் தெரிந்துகொள்ளவில்லை. வாசலில் நின்று பார்த்தார். 1954இல் சுங்கை சிப்புட்டில் மகாத்மா காந்தி கலாசாலையைத் திறந்துவைக்க விஜயலட்சுமி பண்டிட் வந்ததற்குப் பின்னால் இவருடைய உழைப்பும் இருந்தது.

அதற்கடுத்த ஆண்டு, 1955இல், ம.இ.கா.வின் ஐந்தாவது தேசியத் தலைவரானார். வயது 36 கூட நிறையவில்லை. ஜான் திவி, புத் சிங், இராமநாதன் செட்டியார், தேவாசர் என்று அவருக்கு முன் இருந்தவர்கள் மதிப்புக்குரியவர்கள்தான். ஆனால் கட்சி பெரும்பாலும் பட்டணத்துப் படித்தவர்களின் கட்சியாக இருந்தது. அங்கே ஆங்கிலம் ஓங்கி ஒலித்தது. தோட்டத்துத் தமிழன் தொலைவில் நின்று வேடிக்கை பார்த்தான். சம்பந்தன் கட்சியைத் தோட்டத்துக்குக் கொண்டுபோனார். தமிழில் பேசினார். கிளைகள் தோட்டங்களில் முளைத்தன. அதே ஆண்டுப் பொதுத் தேர்தலில் வென்று துங்கு அப்துல் ரஹ்மானின் அமைச்சரவையில் தொழிலாளர் அமைச்சரானார். பிறகு சுகாதாரம், அதற்குப் பிறகு நீண்ட காலம் பொதுப்பணி, அஞ்சல், தொலைத்தொடர்பு. பதவிகளின் பட்டியலை இதோடு விடலாம். நம் கதை வேறு.

தொழிலாளிகள் ஏன் பயந்தார்கள்? படிக்காதவர்கள், அதனால் மாற்றத்தைக் கண்டு மிரண்டார்கள் என்று சிலர் எளிதாகச் சொல்லிவிடுகிறார்கள். நான் அதை ஏற்கமாட்டேன். அவர்களுடைய பயத்துக்குப் பின்னால் அனுபவம் இருந்தது.

கெடாவையே எடுத்துக்கொள்வோம். 1941 டிசம்பரில் வடக்கே இறங்கிய ஜப்பான் படை சில நாள்களில் கெடாவைத் தாண்டிப் போனது. நேற்றுவரை அதட்டிக்கொண்டிருந்த துரைகள் இரவோடு இரவாகக் காணாமல் போனார்கள். தோட்டம் படுத்தது. பிறகு சயாமில் வேலை இருக்கிறது, நல்ல சம்பளம், சாப்பாடு, கொஞ்ச நாளில் திரும்பிவிடலாம் என்று ஆசை காட்டி ஆள் சேர்த்தார்கள். வராதவர்களைப் பிடித்து ஏற்றினார்கள். மரண ரயில்பாதைக்குப் போனவர்களில் எத்தனையோ பேர் திரும்பவே இல்லை. 1943இல் கெடா மாநிலமே சயாம் நிர்வாகத்தின் கீழ் போய், போர் முடிந்ததும் மறுபடி வெள்ளைக்காரன் கைக்கு வந்தது. வியர்வை சிந்திச் சேர்த்த வாழைமர நோட்டு 1945இல் ஒரே நாளில் வெறும் காகிதமானது. பெட்டியில் கட்டுக் கட்டாக வைத்திருந்தவர்கள் அதைப் பிள்ளைகளுக்கு விளையாடக் கொடுத்தார்கள்.

இப்படி ஒரு பத்தாண்டுக்குள் நாலு கொடியைப் பார்த்த மக்களிடம், எதிர்பாராமல் இன்னொரு மாற்றம் வருகிறது என்று சொன்னால் எப்படி இருக்கும்? நம்பிக் கொடு என்று யார் கேட்டாலும் கை மடியைத்தான் இறுக்கிப் பிடிக்கும். அதிலும் பணம் கேட்பவர் ஓர் அரசியல்வாதி என்றால் சொல்லவே வேண்டாம்.

இன்னொரு பயமும் இருந்தது. அது வெளியே பேசப்படாத பயம். பலருடைய மனம் பாதி ஊரில் இருந்தது. இரண்டு வருஷம் பார்ப்போம், கையில் கொஞ்சம் சேர்ந்ததும் நாகப்பட்டினத்துக்குக் கப்பல் ஏறிவிடலாம் என்று சொல்லிச் சொல்லியே முப்பது வருஷத்தைக் கடத்தியவர்கள் உண்டு. இந்த மண்ணில் ஒரு பங்கு வாங்குவது என்றால், இனி ஊருக்குத் திரும்பப் போவதில்லை என்று தனக்குத்தானே ஒப்புக்கொள்வது. பத்து வெள்ளியை எடுத்துக் கொடுப்பதைவிட அதுதான் கஷ்டம்.

1960இல் தேசிய நிலநிதிக் கூட்டுறவுச் சங்கம் தொடங்கப்பட்டது. திட்டம் எளிமையானது. ஒரு பங்கு 100 வெள்ளி. மொத்தமாகக் கேட்டால் எந்த மரம்வெட்டுக்காரராலும் முடியாது. அதனால் மாதம் 10 வெள்ளி. அந்தப் பத்து வெள்ளியும் அன்றைக்குச் சில நாள் உழைப்புதான், ஆனாலும் வாயைக் கட்டி வயிற்றைக் கட்டினால் முடிகிற தொகை. பலருடைய பங்கைச் சேர்த்து முதல் போட்டு, மீதிக்குக் கடன் வாங்கி, தோட்டத்தை முழுசாக வாங்குவது. துண்டு போடாமல் தோட்டமாகவே நடத்துவது. வருமானத்தில் கடனை அடைப்பது, உறுப்பினருக்கு லாப ஈவு கொடுப்பது. வேலை செய்தவர்கள் அதே இடத்தில் வேலை செய்வார்கள், லயமும் பள்ளியும் கோயிலும் இருந்த இடத்தில் இருக்கும்.

இதைச் சொல்லிக்கொண்டு அமைச்சர் தோட்டம் தோட்டமாகப் போனார். எனக்கு அவரிடம் பிடித்தது இந்தக் கட்டம்தான். துண்டாடலைச் சட்டம் போட்டு நிறுத்தச் சொல்லிக் குரல்கள் எழுந்தன. நிலம் விற்பது உரிமையாளரின் உரிமை என்ற நிலையில், அவர் அங்கம் வகித்த அரசாங்கம் முழுத்தடை போட முன்வரவில்லை. வெள்ளைக்காரன் போவதை யாராலும் தடுக்க முடியாது என்பது அவருக்குத் தெரிந்திருந்தது. வராது என்று பொய்யாகத் தைரியம் சொல்லவும் இல்லை, வந்துவிட்டது என்று கைகழுவவும் இல்லை. விற்கிறவன் விற்கட்டும், வாங்குகிறவர்கள் வரிசையில் நாமும் நிற்போம் என்று காட்டினார். ஒரு தொழிலாளி இருந்த இடத்திலேயே இருக்க வேண்டும் என்றால், அவர் கூலிக்காரர் என்ற நிலையிலிருந்து பங்குதாரர் என்ற நிலைக்கு மாறியாக வேண்டும். அந்த மாற்றத்தை மாதம் பத்து வெள்ளி அளவுக்குச் சின்னதாக நறுக்கிக் கொடுத்தார். ஒரே தாவலில் தாண்டச் சொல்லியிருந்தால் யாரும் தாண்டியிருக்க மாட்டார்கள்.

1961இல் புக்கிட் சிடிம் தோட்டம் சங்கத்தின் கைக்கு வந்தது. முதல் தோட்டம். அன்றுவரை மேசைக்கு அந்தப் பக்கம் இருந்து சம்பளம் வாங்கிய சமுதாயம், முதல் தடவையாக ஒரு தோட்டத்தின் பத்திரத்தில் தன் பெயரைப் பார்த்தது. மற்றத் தோட்டங்களில் பேசுவதற்கு அதற்குப் பிறகு சம்பந்தனுக்கு மேடைப் பேச்சு அதிகம் தேவைப்பட்டிருக்காது. கெடாவில் போய்ப் பாருங்கள் என்று ஒரு தோட்டத்தைக் கைகாட்ட முடிந்தது. பயப்படுகிறவருக்கு நியாயம் சொல்வதைவிட, பக்கத்துத் தோட்டத்துச் சொந்தக்காரர் பங்கு வாங்கியதும் மூழ்கிப் போகவில்லை என்று தெரிவது பெரிய தைரியம். படிப்படியாகச் சங்கத்தின் தோட்டங்கள் 18 ஆயின. பல்லாயிரக்கணக்கான தோட்டத் தொழிலாளர்கள் பங்குதாரர் ஆனார்கள்.

எல்லாம் நன்றாக முடிந்தது என்று எழுதிவிட எனக்கு மனம் வரவில்லை. துண்டாடப்பட்ட தோட்டங்களோடு வைத்துப் பார்த்தால் சங்கம் காப்பாற்றியது ஒரு பங்குதான். மீதித் தோட்டங்களிலிருந்து கிளம்பியவர்கள் பட்டண ஓரத்துப் புறம்போக்கு நிலங்களில் பலகை வீடு கட்டிக்கொண்டார்கள். சங்கத் தோட்டத்திலும் பங்குதாரர் என்ற பெயர் வந்ததே தவிர, விடியற்காலையில் எழுந்து மரம் வெட்டும் வாழ்க்கை உடனே மாறிவிடவில்லை என்ற விமர்சனம் அன்றே உண்டு. அதில் உண்மையும் இருக்கிறது. ஆனால் வேறு யாரும் அந்த நேரத்தில் அவ்வளவு பெரிய அளவில், தொழிலாளியின் சொந்தப் பணத்தைக் கொண்டே, தொழிலாளிக்காகத் தோட்டம் வாங்கிக் காட்டவில்லை என்பதும் உண்மை.

அடுத்த அடி 1969இல் வந்தது. குடியுரிமை இல்லாதவர்கள் வேலை செய்ய பெர்மிட் எடுக்க வேண்டும் என்ற சட்டம் 1968இல் வந்து, மே 13 கலவரத்துக்குப் பிறகு கடுமையாக நடைமுறைக்கு வந்தது. சிவப்பு அடையாள அட்டை வைத்திருந்தவர்களின் வயிற்றில் புளி கரைத்தது. மெர்டேக்கா சமயத்தில் குடியுரிமைக்குப் பதிந்துகொள்ளுங்கள் என்று ம.இ.கா. தோட்டம் தோட்டமாகச் சொல்லிக்கொண்டு போனபோது, பதிந்தால் ஊருக்குப் போக முடியாமல் ஆகிவிடுமோ, இந்தியாவில் இருக்கும் காணி போய்விடுமோ என்று தள்ளிப் போட்டவர்கள் எத்தனையோ பேர். அந்தத் தயக்கத்துக்கு அவர்கள் கொடுத்த விலை பெரிது. பல்லாயிரக்கணக்கானோர் தாங்கள் பிறந்து வளர்ந்த, அல்லது ஆயுளின் பாதியைக் கழித்த நாட்டை விட்டுக் கப்பல் ஏறினார்கள். நாகப்பட்டினத்திலும் சென்னையிலும் இறங்கிய பலருக்கு அங்கே தெரிந்த முகமே இல்லை. அமைச்சரவையில் இருந்தும் சம்பந்தனால் இதைத் தடுக்க முடியவில்லை. சமுதாயத்தில் அவர் மீது கோபம் எழுந்ததும் இதனால்தான். அந்தக் கோபத்தை அநியாயம் என்று சொல்ல மாட்டேன்.

மற்றவர்களுக்கு மாற்றத்தைச் சொல்லிக் கொடுத்தவருக்கே அது வாசலில் வந்து நின்றபோது என்ன செய்தார் என்பதும் வாழ்க்கை வரலாற்றில் சேர வேண்டியதுதான். 1970களின் தொடக்கத்தில் கட்சிக்குள் புதுத் தலைமை வேண்டும் என்ற குரல் பலத்தது. துணைத்தலைவர் மாணிக்கவாசகத்தின் பக்கம் ஆள்கள் திரண்டார்கள். கிளைக்குக் கிளை இரண்டு அணி, கூட்டத்துக்குக் கூட்டம் சச்சரவு. 18 ஆண்டுகள் கட்டிக்காத்த கட்சியை விட்டுக்கொடுக்க அவர் முதலில் தயங்கத்தான் செய்தார். பிரதமர் துன் அப்துல் ரசாக் இடையில் வந்து பேச வேண்டியிருந்தது. 1973 ஜூன் 30ஆம் தேதி தலைமைப் பொறுப்பிலிருந்து விலகினார். அடுத்த ஆண்டுப் பொதுத் தேர்தலில் சுங்கை சிப்புட் தொகுதியும் வேறொருவருக்குப் போனது. அங்கே நின்று வென்றவர் ச.சாமிவேலு.

விலகிய பிறகு அவர் வேறு கட்சி கட்டவில்லை. பழி சொல்லிக்கொண்டு ஊர் ஊராகப் போகவும் இல்லை. தேசிய ஒற்றுமை வாரியத்தின் தலைவர் பொறுப்பு வந்தது, அதைச் செய்தார். கூட்டுறவுச் சங்கத்தை மட்டும் விடவில்லை. கட்சி மாநாட்டில் கைதட்டல் வாங்கிய மனிதர், பங்குக் கணக்கும் மறுநடவுச் செலவும் பார்க்கும் கூட்டங்களில் உட்கார்ந்தார். அப்பா விட்டுச் சென்ற சொத்தில் பெரும்பகுதி பொதுவாழ்க்கையில் கரைந்துபோயிருந்தது என்று அவரை அறிந்தவர்கள் சொல்வதுண்டு. அரசியலில் நுழைந்து சொத்துச் சேர்த்தவர்களைப் பார்த்துப் பழகிய நமக்கு இது கொஞ்சம் விசித்திரமாகத்தான் இருக்கும்.

1979 மே 18ஆம் தேதி இதயநோயால் துன் சம்பந்தன் காலமானார். அறுபது நிறைய இன்னும் 29 நாள் இருந்தது. கோலாலம்பூர் பிரிக்ஃபீல்ட்ஸின் முக்கியச் சாலைக்குப் பின்னாளில் அவர் பெயர் வைக்கப்பட்டது. தீபாவளிக்கு உடுப்பு வாங்க அங்கே போகிற நம் பிள்ளைகள் அந்தப் பெயர்ப்பலகையைத் தாண்டித்தான் நடக்கிறார்கள்.

கெடாவில் அதற்குப் பிறகும் மாற்றம் நிற்கவில்லை. பால்மரம் போய்ச் செம்பனை வந்தது. செம்பனை போய் வீடமைப்புப் பகுதியும் தொழிற்பேட்டையும் வந்தன. தோட்டத்தில் பிறந்தவர்கள் சுங்கைப்பட்டாணி, கூலிம் தாமான்களில் வீடு வாங்கிக் குடியேறிவிட்டார்கள். அவர்களில் சிலருடைய வீட்டில், அப்பாவோ தாத்தாவோ மாதம் பத்து வெள்ளி கட்டி வாங்கிய பங்குப் பத்திரம் பழைய தகரப் பெட்டியில் பிறப்புப் பத்திரத்தோடும் நீல அடையாள அட்டையோடும் ஒரே உறையில் கிடக்கும். இருந்தால் எடுத்துப் பாருங்கள். அதில் உள்ள தேதி தாத்தாவுக்கு எத்தனை வயதில் அந்தத் துணிச்சல் வந்தது என்று சொல்லும்.